பின்சீட்டில் அக்கா தம்பி சண்டை: எதற்கு வண்டியை நிறுத்துவது, எதற்கு நிறுத்த வேண்டாம்

பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. தாம்பரத்திலிருந்து திருநெல்வேலிக்கு வருஷத்துக்கு நான்கைந்து முறை எங்கள் சின்ன காரில் போய்வருகிறோம். அவனுக்கு ஐந்து முனைப் பட்டை (இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவில் ஒன்று) உள்ள கார் சீட், அவளுக்கு முதுகு வைத்த பூஸ்டர், அதாவது கார் பெல்ட் சரியாகப் படியும்படி குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் சீட். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொரு பயணத்திலும் அதே ஏழெட்டுத் தொல்லைகள்தான் மாறி மாறி வந்தன. ஒவ்வொன்றையும் பல தடவை சரிசெய்த பிறகு எழுதியது இது. உங்கள் வண்டியில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் சம்பந்தப்பட்ட எதுவாக இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியே ஆக வேண்டும். வெறும் சத்தம், அழுகை, புகார் என்றால் ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்கவே கூடாது. 80 கி.மீ. வேகத்தில் இரண்டு விநாடி பின்னால் திரும்பினால் வண்டி 44 மீட்டர் ஓடிவிடும், சாலையைப் பார்க்க ஆளில்லாமல். பக்கத்தில் பெரியவர் யாராவது இருந்தால் பதில் சொல்வது அவர் வேலை. யாரும் இல்லையென்றால் சத்தம் சத்தமாகவே இருக்கட்டும்.

அறிகுறி: ஓடும் வண்டியில் "க்ளிக்" சத்தம், யாருடைய பெல்ட்டோ கழன்றிருக்கிறது

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. முதலில் செய்ய வேண்டியது: சடன் பிரேக் போடாதீர்கள். கழன்ற குழந்தை முன்னால் வந்து விழும். வேகத்தை மெதுவாகக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, இடது ஓரத்துக்கு வந்து, பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பங்க்கிலோ சர்வீஸ் ரோட்டிலோ நிறுத்துங்கள். முன்சீட்டில் இருப்பவர் தன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்னால் எட்டிப் பிடிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் பெல்ட் இல்லாதவர்கள் இரண்டு பேராகிவிடுவார்கள்.

நின்ற பிறகு காரணத்தைத் தேடுங்கள்.

*பக்கிள் சரியாகப் பூட்டவில்லையா?* செலவே இல்லாத காரணம் இது. பூட்டிய பிறகு பட்டையை மேலே ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. எங்கள் வண்டியில் எடுத்தது முறுக்குத் தூள், பிஸ்கட் துகள், ஒரு தடவை உடைந்த கிரேயான் துண்டு. சீட்டோடு வந்த புத்தகத்தில் பக்கிளைக் கழுவலாம் என்று இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, தானாகக் காயவிடுங்கள். தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதுவும் விடாதீர்கள். எண்ணெயில் தூசி ஒட்டி இன்னும் மோசமாகும்.

*பக்கத்தில் இருப்பவர் அழுத்துகிறாரா?* எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. காரணம் நாங்களே. வீட்டு வாசலில் இறங்கும்போது "பாப்பா, தம்பி பட்டனை அமுக்கி விடு" என்று பெரியவளிடம்தான் சொல்வோம். அவளுக்கும் பெருமை. ஒரு நாள் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, அவன் அழுதானே என்று அவளாகவே அமுக்கிவிட்டாள். அவள் செய்தது அவளுக்குத் தெரிந்த வரையில் உதவி. அன்றிலிருந்து சிவப்பு பட்டன் பெரியவர்கள் கைக்கு மட்டும். வண்டி நின்று, சாவி எடுத்து, நாங்கள் கதவைத் திறந்த பிறகே யாரும் தொடலாம். அவளுக்கு வேறு பொறுப்பு கொடுத்தோம்: கிளம்பும் முன் "எல்லாருக்கும் பெல்ட் போட்டாச்சா?" என்று கேட்டு, எங்கள் இருவர் பெல்ட்டையும் சேர்த்துச் சரிபார்ப்பது. அவள் சரி என்றால்தான் வண்டி நகரும். தம்பி பட்டனை அமுக்குகிற பழக்கம் ஒரு வாரத்தில் நின்றது.

*தன் பட்டனைத் தானே அழுத்துகிறாரா?* மூன்று வயதுக்கு மேல் சில பிள்ளைகளுக்கு விரலில் அந்த பலம் வந்துவிடும். திட்டினால் அது விளையாட்டாகிவிடும். கழன்ற ஒவ்வொரு முறையும் நிறுத்துங்கள், ஒன்றும் பேசாமல் மாட்டுங்கள், கிளம்புங்கள். முதல் நாள் பத்து தடவை நிற்க வேண்டியிருக்கும். அதனால் இந்தப் பாடத்தை நெடும்பயணத்தில் தொடங்காமல், அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவைச் சுற்றும்போது தொடங்குங்கள்.

பட்டனை மூடுகிற தனி மூடிகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. சீட் தயாரித்த கம்பெனியே அந்தச் சீட்டுக்கென்று கொடுத்ததாக இல்லாவிட்டால் வாங்காதீர்கள். விபத்து நடந்தால் காப்பாற்ற ஓடிவரும் ஆளுக்கு அதைத் திறக்கத் தெரியாது.

*யாரைக் கூப்பிடுவது:* அலசிய பிறகும் பூட்டு நிற்கவில்லை, பட்டை நைந்து நூல் தெரிகிறது என்றால் சீட் தயாரித்த கம்பெனியின் சேவைப் பிரிவுக்கு எழுதுங்கள். அதுவரை அந்தச் சீட்டில் குழந்தையை உட்காரவைக்காதீர்கள். பை தைப்பவரிடம் கொடுத்துத் தைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். பட்டையின் பலம் அதன் நெசவிலும் தையலிலும் இருக்கிறது. வேறு நூலில் தைத்தது இழுப்பைத் தாங்காது. கார் பெல்ட்டே சுருண்டு உள்ளே போகவில்லை என்றால் கார் சர்வீஸ் சென்டர். எல்லா முயற்சிக்கும் பிறகு, ஐந்து வயதுக்கு மேலும் குழந்தை தினமும் கழற்றுகிறது, பட்டை உடம்பில் பட்டாலே துடித்துப்போகிறது என்றால் அது பிடிவாதமாக இல்லாமல் தொடு உணர்வு சார்ந்த சிரமமாகவும் இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அவர் வளர்ச்சி நிபுணரிடம் அனுப்புவார்.

அறிகுறி: பட்டையிலிருந்து கையை உருவி வெளியே எடுக்கிறான்

பெரும்பாலும் பட்டை தளர்வு. தோளெலும்புக்கு மேல் பட்டையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெடுக்குவாக்கில் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் தளர்ந்திருக்கிறது, முன்னால் இருக்கும் வாரை இழுத்து இறுக்குங்கள்.

அடுத்து உயரம். முன்னோக்கி உட்காரும் குழந்தைக்குப் பட்டை வெளிவரும் துளை தோளுக்கு நேராகவோ சற்று மேலேயோ இருக்க வேண்டும். பின்னோக்கி உட்காரும் கைக்குழந்தைக்கு நேராகவோ சற்றுக் கீழேயோ. ஆறு மாதத்துக்கு முன் சரியாக இருந்த துளை இப்போது சரியாக இருக்காது. ஒவ்வொரு பள்ளி விடுமுறைப் பயணத்துக்கும் முந்தின இரவு பார்ப்பது எங்கள் வழக்கம்.

மூன்றாவது, உடை. கல்யாணத்துக்குப் போகும்போது வீட்டிலேயே பட்டுப் பாவாடை, பட்டுச் சட்டை போட்டுக் கிளப்பினால் இந்தத் தொல்லை நிச்சயம். பட்டு வழுக்கும், விறைத்து நிற்கும். இறுக்கிய பட்டை உடம்பில் உட்காராமல் துணிமேல் உட்கார்ந்திருக்கும். பூஸ்டரில் இருக்கும் பெண் குழந்தைக்கு இன்னும் மோசம்: இடுப்பு எலும்பில் படிய வேண்டிய பெல்ட் பாவாடை மடிப்போடு வயிற்றுக்கு ஏறிவிடும். பருத்தி உடையில் அழைத்துப் போய் மண்டபத்தில் மாற்றுங்கள். கசங்காமலும் போகும்.

தோள் மேல் துளையையும் தாண்டி வளர்ந்துவிட்டாலோ, சீட்டில் ஒட்டியிருக்கும் எடை வரம்பைத் தாண்டினாலோ அடுத்த அளவு சீட் வாங்கும் காலம் வந்துவிட்டது.

அறிகுறி: "அப்பா, இவன் என்னைத் தொடுறான்!"

கிள்ளல், காலால் உதை, முடியைப் பிடித்து இழுத்தல், பொம்மை வீச்சு எல்லாம் இதில் அடங்கும். யார் ஆரம்பித்தது என்று விசாரிக்காதீர்கள். கைக்கு எட்டுகிறது, அதனால் தொடுகிறான். எட்டாமல் செய்வதுதான் வேலை.

முதலில் நடுவில் ஒரு தடுப்பு. எங்களுக்குப் பயன்பட்டது மெத்தென்ற ஒரு தலையணை. இரண்டு சீட்டுக்கும் நடுவில், பக்கிளை மறைக்காமல், பட்டை போகும் வழியில் இடிக்காமல் நிறுத்தி வைத்தோம். அட்டைப்பெட்டி, கூலர் பெட்டி போன்ற கடினமான எதையும் வைக்காதீர்கள். பிரேக் போட்டால் அதுவே ஆளை அடிக்கும். இதே காரணத்தால் அவர்கள் கையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம். ஒரு முறை திண்டிவனம் பக்கம் மாடு குறுக்கே வந்து பிரேக் போட்டபோது பின்னாலிருந்து பறந்த பாட்டில் டேஷ்போர்டில் மோதியது. இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் வந்ததால் யார் தலையிலும் படவில்லை. அன்றிலிருந்து துணிப் பொம்மையும் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலும் மட்டும்தான் பின்னால் போகும், மற்றதெல்லாம் டிக்கியில்.

அடுத்து, இடம் மாற்றிப் பாருங்கள். யார் எந்தப் பக்கம் என்பதில் நிறைய இருக்கிறது. தூக்கி இறக்க வேண்டிய சின்னவனை இடது பக்கம் வைத்தால், நம் ஊரில் நடைபாதைப் பக்கம் நின்றுகொண்டே பட்டை போடலாம், கழற்றலாம். வண்டிகள் உரசிப் போகும் வலது பக்கம் நிற்க வேண்டாம். ஆனால் முன்னால் இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் இருப்பவனைப் பார்ப்பது சிரமம். ஓட்டுகிறவருக்குப் பின்னால் இருப்பவளைத்தான் சாய்வாக நன்றாகப் பார்க்க முடியும். எங்கள் வீட்டில் பாதுகாப்பாக இறக்குவதுதான் முக்கியம் என்று முடிவு செய்து அவனை இடது பக்கமே வைத்தோம். ஓட்டுகிறவர் முதுகில் உதைக்கிற குழந்தை இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். உதை விழுந்துகொண்டே இருந்தால் ஓட்டுகிறவர் கவனம் சிதறும்.

வண்டியில் இரண்டு பெரியவர்கள் இருந்து, இரண்டு பிள்ளைகளும் ஓயவே இல்லையென்றால் நடுவில் ஒருவர் உட்காரலாமே என்று தோன்றும். சின்ன காரில் இரண்டு சீட்டுக்கும் நடுவே பெரியவருக்கு இடம் இருக்காது. பெல்ட்டும் பக்கிளும் மாட்ட முடியாத இடத்தில் யாரும் உட்காரக் கூடாது.

இதெல்லாம் செய்தும் கடி, இரத்தம் வரும் கீறல் என்று தொடர்கிறதா? வீட்டிலும் அப்படித்தானா? அப்போது அது காரைப் பற்றிய பிரச்சினையே இல்லை. குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள். காரில் மட்டும் நடக்கிறது என்றால் அடுத்த இரண்டு தலைப்புகளைப் பாருங்கள், பதில் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

அறிகுறி: கிளம்பிக் கால்மணி நேரத்துக்குள் இருவரும் அழுகை, எரிச்சல்

வெயில். சித்திரை மாதத்தில் வெட்ட வெளியில் நிறுத்திய காரில் பக்கிளின் உலோக நாக்கு தொடையைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, அழும். மாட்டும் முன் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். நிறுத்தும்போதே சீட்டுகள் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு மூடிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

மீதிப் பாதி ஏசி. பல சின்ன கார்களில் பின்பக்கம் ஏசி துவாரம் கிடையாது. முன்னால் நமக்குக் குளிரும்போது அங்கே வெந்துகொண்டிருக்கும். இதை நான் நம்பவில்லை. ஒரு மதியம் மனைவியை ஓட்டச் சொல்லி நானே பின்னால் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. நீங்களும் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகளின் கழுத்துப் பின்புறம் வேர்வை இருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னல்களை இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டி, சூடான காற்று வெளியேறிய பிறகு ஏசி போடுங்கள். ஜன்னலுக்கு வலைத்திரை மாட்டுங்கள். ஏசி குளிரவே இல்லையென்றால் மெக்கானிக்.

வண்டியைக் குளிரவிடுகிறேன் என்று பிள்ளைகளை உள்ளே தனியாக விட்டுவிட்டுக் கடைக்குள் போவது ஒரு நிமிடத்துக்குக்கூட வேண்டாம்.

அறிகுறி: பாட்டு, போன், ஜன்னல் யாருக்கு என்ற தகராறு

ஒரே போனை இருவர் பார்த்தால் சண்டை வரத்தான் செய்யும், கூடவே குமட்டலும் வரும். போனை எடுத்து வைத்துவிட்டுக் கதையோ பாட்டோ போடுங்கள். முறையை நேரத்தில் வைக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் என்றால் என்னவென்று தெரியாது. நாங்கள் டோல்கேட்டில் வைத்தோம். பரனூர் வரை அவள் பாட்டு, அங்கிருந்து ஆத்தூர் வரை அவன் பாட்டு, பிறகு விக்கிரவாண்டி வரை மறுபடி அவள். கம்பி மேலே தூக்கும்போது இருவரும் கண்ணால் பார்க்கிறார்கள், அதனால் வாதமே இல்லை. தூரம் ஒரே அளவு இல்லையே என்று பெரியவள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தால் திரும்பி வரும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம்.

ஜன்னலுக்கு ஓட்டுகிறவர் கதவில் பூட்டு பட்டன் இருக்கிறது, போட்டுவிடுங்கள். பின்கதவின் ஓரத்தில் இருக்கும் சைல்டு லாக்கையும் போட்டு, உள்ளே உட்கார்ந்து திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். கார் சர்வீஸுக்குப் போய் வந்த பிறகு மறுபடி பாருங்கள், கழுவும்போது நகர்ந்திருக்கலாம்.

அறிகுறி: இரண்டு சீட்டும் இடிக்கின்றன, பூஸ்டர் பெல்ட்டை மாட்ட முடியவில்லை

பூஸ்டரின் அடியில் கார் பக்கிள் புதைந்துவிடுகிறது. அவள் துழாவி, கை அவன் மேல் பட, அங்கிருந்து சண்டை. பூஸ்டரைக் கதவுப் பக்கம் இரண்டு விரல் நகர்த்திப் பாருங்கள். ஐசோஃபிக்ஸ் (குழந்தை சீட்டை மாட்டக் காரிலேயே பொருத்தியிருக்கும் கம்பி) கொக்கியில் மாட்டிய பூஸ்டர் என்றால் நகராது. அப்போது அவன் சீட்டைக் கார் பெல்ட்டில் மாட்டி வெளிப்பக்கம் தள்ள முடியுமா என்று சீட் புத்தகத்தில் பாருங்கள். மாட்டிய பிறகு, பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து இருபக்கமும் ஆட்டுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் அசைந்தால் மறுபடி மாட்ட வேண்டும். சீட்டின் மேல்பக்கத்தைக் காரோடு கட்டும் மேல்பட்டையோ, கார் தரையில் ஊன்றும் தாங்கும் காலோ உள்ள சீட் என்றால் அதையும் மாட்டினீர்களா என்று பாருங்கள், பலர் மறப்பது இதைத்தான்.

நடு இடத்தில் இடுப்புக்கு மட்டும் பெல்ட் இருந்தால் அங்கே பூஸ்டர் வைக்கவே கூடாது. அதற்குத் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் கட்டாயம். எதுவும் ஒத்துவரவில்லை என்றால் கடைசி வழி அகலம் குறைந்த சீட். வாங்கும் முன் கடையிலேயே உங்கள் காரில் இரண்டையும் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். மாட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். அவள் வராத நாளில் காலி பூஸ்டருக்கும் பெல்ட் போடுங்கள், இல்லாவிட்டால் பிரேக்கில் அது அவன் மேல் விழும்.

விபத்தில் இருந்த சீட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் சீட் கம்பெனியிடம் கேட்காமல் மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

அறிகுறி: ஒருவருக்கு வாந்தி, மற்றவர் கத்தல்

வெறும் வயிற்றிலும் கூடாது, நெய்ப் பொங்கல் சாப்பிட்டவுடனும் கூடாது. இரண்டு இட்லி போதும். படப்புத்தகம், போன் இல்லாமல் முன்னால் தூரத்தைப் பார்க்க வையுங்கள். துண்டு, மாற்று உடை, கவர் மூன்றும் டிக்கியில் இல்லாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். வாந்தி எடுக்கிறான் என்று பட்டையைத் தளர்த்தாதீர்கள், நிறுத்தித் துடையுங்கள். பெரியவர்கள் போடும் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பது பழக்கத்தில் இருக்கிறது, மருத்துவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் வாந்தி, கூடவே தலைவலி, அல்லது காரில் ஏறாத நாளிலும் வாந்தி என்றால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

வழியில் வாயை அடைக்க வேர்க்கடலை, முழுத் திராட்சை கொடுக்க வேண்டாம். தொண்டையில் சிக்கினால் ஓடும் வண்டியில் யாரும் பின்னால் போய் எடுக்க முடியாது.

அறிகுறி: "பாட்டி மடியில உக்காந்துக்கிறேன்"

அழுகையைக் கேட்டுப் பாட்டிக்கு மனம் தாங்காது. "கொஞ்ச நேரம்தானேப்பா, நான் கெட்டியாப் பிடிச்சுக்கிறேன்" என்பார்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான். அம்மாவிடம் நான் சட்டம் பேசவில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று சொன்னால், "கட்டிக்கலாம்" என்பார்கள். வீட்டு வாசலில் நின்ற காரில் பத்துக் கிலோ அரிசிப் பையை அவர் மடியில் வைத்து, அதைப் படாரென்று முன்னால் இழுத்தேன். கையை விட்டு உருவிக்கொண்டு போய்விட்டது. "இது நான் ஒரு கையால இழுத்தது. வண்டி இடிச்சா இதைவிட எத்தனையோ மடங்கு இழுக்கும்மா" என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு அம்மா கேட்கவில்லை. இப்போது முன்சீட்டில் உட்கார்ந்து, தானும் பெல்ட் போட்டுக்கொண்டு, செங்கல்பட்டு தாண்டும் வரை இருவருக்கும் சேர்த்து ஒரே கதை சொல்கிறார். அதே கதைதான், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருவரும் சிரிக்கிறார்கள்.